குத்தாத குண்டூசிகள்

மார்ச் 2, சனி

முதல் வகுப்பு முடிந்தது. நானாகச் சேரவில்லை, தங்கச்சி பிடித்துத் தள்ளினாள். தையல் யூனிட்டை மூடியதிலிருந்து நான் அவள் வீட்டிலேயே அடைந்து கிடந்து எல்லோர் உயிரையும் வாங்குகிறேனாம். "வாரத்துல ஒரு நாளாவது வெளிய போக்கா. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றாள். அந்த 'எங்களுக்கும்'தான் விஷயம். புரியாமல் இல்லை.

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்துச் சன்னல் செய்கிற வேலை. டீச்சருக்கு என்னைவிட இருபது வயதாவது குறைவு. கை முழுக்கப் பழைய கீறல் தழும்புகள். ஆளுக்கொரு வெறும் கண்ணாடியும் ஒரு கட்டரும் கொடுத்தாள். கட்டர் என்றால் கத்தி என்று நினைத்திருந்தேன். இல்லை. பேனா மாதிரிப் பிடி, நுனியில் கடுகளவு சக்கரம். அது வெட்டாது, கீறும். கீறிய கோட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மடக்கினால் 'டக்' என்று பிரிய வேண்டும். எனக்கும் பிரிந்தது, கோட்டைத் தவிர மற்ற எல்லா வழியிலும்.

இருபத்தைந்து வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவள் நான். துணி அடுக்கின் மேல் மிஷினை ஓட்டினால் நூல் பிசகாது. இங்கே ஒரு நேர்க்கோடு வரவில்லை. துணியில் செய்வது போல அதே கோட்டில் இன்னொரு தடவை ஓட்டினேன். டீச்சர் ஓடி வந்தாள். "அக்கா, ஒரு தடவதான். ரெண்டாவது தடவ கீறினா அது உங்க பேச்சக் கேக்காது."

"எங்க வீட்டு ஆளுங்களும் அப்படித்தான்" என்றேன். சிரித்தாள். பரவாயில்லை, சிரிக்கத் தெரிந்த பெண்.

மார்ச் 3, ஞாயிறு

கட்டை விரலில் கட்டு. வாலு நாள் முழுக்க அதை ஊதிக்கொண்டே இருந்தாள். காற்றைவிட எச்சில்தான் அதிகம் வந்தது.

(வாலு என்றால் தங்கச்சி மகள். இரண்டு வயது ஆகப்போகிறது. பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள்; அவள் செய்கிற சேட்டைக்கு வாலு என்றால்தான் பொருந்தும். யாருக்கு விளக்குகிறேன்? நான்தானே இதைப் படிக்கப் போகிறேன்.)

மார்ச் 9, சனி

ஈயம் பார்த்தேன். நீளமான பட்டை. கையில் எடுத்தால் துவண்டு தொங்குகிறது. இரண்டு பக்கமும் பள்ளம். கண்ணாடியின் ஓரம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். குறுக்கே நறுக்கிப் பார்த்தால் ஆங்கிலத்து எச் எழுத்து. துணிக்கு நூல் எப்படியோ, கண்ணாடிக்கு இது.

டீச்சர் நிற்க வைத்து ஒரு பாடம் எடுத்தாள். "ஈயம் உடம்புக்கு ஆகாதுங்க. பத்த வைக்கிறப்ப புகைய இழுக்காதீங்க. சன்னலத் திறந்து வைங்க. முடிச்சதும் சோப்பு போட்டுக் கையக் கழுவுங்க. வீட்டுல செஞ்சா சின்னப் பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க." இதைச் சொல்ல வேண்டுமா? கொதிக்கிற கம்பி, கண்ணாடிச் சில்லு. எவள் பிள்ளையைக் கிட்ட விடுவாள்?

துண்டுகள் நகராமல் இருக்கப் பலகையில் ஆணி அடித்து நிறுத்த வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருந்தது, ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டேன். தையல்காரிக்கு வாய்தான் மூன்றாவது கை. டீச்சர் பார்த்துவிட்டாள்.

"அக்கா, வாயில மட்டும் எதையும் வைக்காதீங்க."

"குண்டூசி வச்சே தேஞ்ச வாய் இது. ஒண்ணுகூட உள்ள போனதில்ல" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முழுங்கித் தொலைத்துவிடுவேன் என்று பயந்துவிட்டாள் போல.

மார்ச் 23, சனி

மானம் போனது. ஒரு சின்னப் பூ. காகிதத்தில் வரைந்து, வெட்டி, கண்ணாடியின் மேல் வைத்துக் கீறி, இதழ் இதழாக எடுத்துவிட்டேன். இரண்டாம் கீறல் ஒன்றுகூட இல்லை. கோத்தால் பூ சட்டத்துக்குள் போகவில்லை. ஏன் என்று நானும் பார்க்கிறேன், டீச்சரும் பார்க்கிறாள். கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். நான் எல்லா இதழுக்கும் சுற்றி வரத் தையலுக்கென்று கால் அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன்!

துணிக்கு விட்டால் மடித்துத் தைக்கலாம். கண்ணாடியை எங்கே மடிப்பது?

"இங்க விடக் கூடாதுக்கா, எடுக்கணும். நடுவுல ஈயம் உக்கார எடம் வேணும்ல" என்றாள். தெரியும். போன வாரமே சொன்னாள், தலையாட்டினேன். தலைக்குத் தெரிந்து என்ன, கை அதன் பாட்டுக்குத்தான் போகிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

வாலு படுக்கிற அறையின் சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பின்சுவர். கழிவுக் குழாய், கரி, ஈரக் கறை. குழந்தை காலையில் கண் விழித்துப் பார்ப்பது அதைத்தான். அந்தச் சன்னலுக்கு நான் ஒரு கண்ணாடி செய்யப் போகிறேன். தவளை. படப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "தவ்வா, தவ்வா" என்று அதைத்தான் தேடுகிறாள்.

தங்கச்சி நம்பவில்லை. "பூவே சட்டத்துக்குள்ள போகலன்னு சொன்ன. தவளையா?" மாப்பிள்ளைதான் எனக்காகப் பேசினார். "செய்யட்டுமே. அக்கா கை பட்டா எதுவும் அழகாத்தான் வரும்." பஸ் ஓட்டுகிறவருக்கு எல்லோரையும் ஏற்றிக்கொள்கிற மனசு. சாப்பாட்டு மேசையின் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஈயப் பட்டையைக் கோக்கும் முன் இழுத்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பிறகு தளர்ந்துவிடும். ஒரு முனையை நான் இடுக்கியால் பிடித்தேன், மறு முனையை மாப்பிள்ளை. "என்னக்கா, கயிறு இழுக்கிற போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தார். முனை வழுக்கி, மனிதர் தடாலென்று தரையில் உட்கார்ந்தார். வாலு கைதட்டி "இன்னு! இன்னு!" என்றாள். அவளுக்காக இன்னொரு தடவை வேண்டுமென்றே விழுந்தார். அடுப்படியிலிருந்து வந்த தங்கச்சி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தது இன்றுதான். 

ஏப்ரல் 25, வியாழன்

அவர்கள் இருவரும் வேலைக்குப் போனதும் வாலுவும் நானும்தான். நான் மேசையில், அவள் மேசைக்கு அடியில். நான் நிமிர்ந்தால் நிமிர்கிறாள், இருமினால் இருமுகிறாள். நான் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்தால், கீழே அவளும் உதட்டைக் குவித்துக்கொண்டு கையை நீட்டுகிறாள். "தா. தா. பெம்மா, தா." பெரியம்மா என்பது அவளுக்குப் பெம்மா.

ஆணியைக் கொடுக்க முடியுமா? குண்டூசியைக் கொடுக்க முடியுமா? அழுகை. ஊரைக் கூட்டுகிற அழுகை. அப்புறம்தான் தோன்றியது. ஈயப் பட்டையில் நறுக்கிப் போட்ட கடைசித் துணுக்குகள் கிடக்கின்றன. மெத்தென்று இருக்கிறது, நகத்தால் அழுத்தினாலே பதிகிறது. ஓரம் எதுவும் கீறவில்லை, என் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டேன். குழாயடியில் கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். இனி அதுதான் அவளுடைய குண்டூசி. குத்தாத குண்டூசி.

உதட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாளே ஒரு பார்வை! அசல் கட்டிங் மாஸ்டர்.

மே 8, புதன்

தங்கச்சிக்குக் கொஞ்சம் பொறாமை. "நான் கூப்பிட்டா வர மாட்டேங்கிறா, நீ கண்ணக் காட்டினா ஓடுறா" என்றாள்.

"பகல் முழுக்க யாரோட இருக்கா? என்னப் பாத்துத்தான் எல்லாம் செய்வா" என்றேன். சொன்னபோது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. எனக்கென்று பிள்ளையா குட்டியா, இதைக்கூடச் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

மே 19, ஞாயிறு

பற்றவைக்க ஆரம்பித்துவிட்டேன். ஈயமும் ஈயமும் சேருகிற மூட்டில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பசை தடவி, வெள்ளீயக் கம்பியை வைத்துச் சூடான சால்டரிங் அயர்னால் தொட வேண்டும். ஒரு சொட்டு வெள்ளியாக உருகிப் பரவும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பற்றவைப்பதை மட்டும் பால்கனியில் வைத்துக்கொள்கிறேன். முகமூடி போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துணியும் செருகிவிட்டு. வாலு உள்ளே இருந்து கதவைத் தட்டுகிறாள். தட்டட்டும். அவள் மூக்கில் ஒரு இழை புகை போயிருந்தால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். டீச்சரிடம் சொன்னபோது, "அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கீங்களே" என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

மே 28, செவ்வாய்

வாலு சரியாகச் சாப்பிடவில்லை. பாலும் வேண்டாம், பழமும் வேண்டாம்.

ஜூன் 2, ஞாயிறு

தவளை முடிந்தது!! கடைசி வேலை, கண்ணாடி ஆடாமல் இருக்க மக்குப் பசையை ஈயத்துக்கு அடியில் திணித்து, மேலே வெள்ளைப் பொடி தூவிப் பிரஷ்ஷால் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க ஈயம் கறுத்து, கண்ணாடி தெளிந்துகொண்டே வந்தது. வீடு முழுக்கப் பொடி. வாலு தரையில் கையால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பெருக்கி அள்ளினேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை சன்னலில் பொருத்தினார். எதிர்ச் சுவரும் குழாயும் காணாமல் போயின. பச்சை வெளிச்சம் கட்டிலின் மேல் விழுந்தது. தங்கச்சி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதில் செய்தது, அதற்குப் பிறகு இன்றுதான். அம்மா போன பிறகு எனக்கென்று ஒரு வீடு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது.

வாலு "தவ்வா" என்றாள். ஒரே ஒரு தடவை. இன்னும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 12, புதன்

டாக்டரிடம் காட்டினோம். பல் முளைக்கிறது, பூச்சியாகவும் இருக்கலாம் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். வெளிக்குப் போய் நாளாகிறது. தொட்டால் சிணுங்கல்.

நான் அவளுக்கு எதையாவது கண்டதைக் கொடுத்துவிட்டேனா என்று தங்கச்சி கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலக் கேட்டாள். நானும் விடவில்லை. "பெத்தா போதுமா? லீவு போட்டுட்டு ஒரு நாள் கூட இருந்து பாரு" என்றேன். சாப்பிடாமலே படுத்தோம் இரண்டு பேரும்.

ஜூன் 24, திங்கள்

பெம்மா என்று கூப்பிடவில்லை. நேற்றும் இல்லை. கை நீட்டி "ஆ" என்கிறாள். தவளையைக் காட்டி "இது என்னடா கண்ணு?" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தங்கச்சியிடம் சொல்லவில்லை. அவளே பயந்து போயிருக்கிறாள், நான் வேறு எதற்கு.

எனக்கும் வயிறு சரியில்லை. கவலைதான்.

ஜூலை 3, புதன்

சமாதானப்படுத்த ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கிண்ணத்தை எடுத்து வைத்தால் அழுகையை நிறுத்திவிடுகிறாள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துக்கொள்கிறாள். துணுக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கே தொலைக்கிறாளோ. புதிதாக நறுக்கிப் போட்டேன்.

ஜூலை 11, வியாழன்

எழுத வேண்டும்.

வேறு டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி. வயிறு கல்லாக இருக்கிறது, படம் எடுங்கள் என்றார். எடுத்தோம். வாலுவை என் மடியில்தான் வைத்திருந்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். சாம்பல் நிறத்தில் குட்டி வயிறு, குட்டி முதுகெலும்பு. நடுவில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள்.

"எதையாவது முழுங்கிச்சா? காசு, பட்டன், பேட்டரி?"

தங்கச்சி சொன்னாள்: "இல்ல டாக்டர். அக்காதான் பகல் பூரா கூட இருக்காங்க. கண்ண எடுக்க மாட்டாங்க."

கண்ணை எடுக்க மாட்டாங்க.

அதில் ஒன்று நேராக நின்றிருந்தது. எச் எழுத்து. நான் நறுக்கிய துணுக்கு எனக்குத் தெரியாதா? "ஈயம்" என்றேன். மறுபடியும் சொன்னேன். "அது ஈயம். நான் கொடுத்தது. விளையாட."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து வந்து என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஜூலை 12, வெள்ளி

ரத்தத்தில் இருக்கக் கூடாத அளவு இருக்கிறதாம். எத்தனையோ மடங்கு. புகைதான் விஷம் என்று நினைத்தாயே, புகை! புகை இல்லை. பற்றவைக்கிற சூட்டில் அது பெரிதாக வராதாம். தூள்தான். தேய்த்த தூள், பெருக்கிய தூள், என் சேலையில் ஒட்டிய தூள், நான் கவ்வி எடுத்த ஆணி. அதற்கெல்லாம் மேல் அந்தக் கிண்ணம். டாக்டர் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஈயம் லேசாகத் தித்திக்குமாம். அதனால்தான் பிள்ளைகள் விட மாட்டார்களாம்.

கழுவிக் கொடுத்தேனே. குழாயில் கழுவிக் கொடுத்தேனே சாமி.

ஜூலை 14, ஞாயிறு

வயிற்றைக் கழுவுகிறார்கள். கையை ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டி மருந்து ஏற்றுகிறார்கள். ஈயத்தைப் பிடித்து வெளியே இழுத்து வரும் மருந்தாம். ரத்தத்தில் இருப்பதை இழுக்கும். மூளைக்குப் போனது? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "நீதானடி என்ன அங்க அனுப்பின" என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? எவளாவது இதைச் சொல்வாளா?

அவள் பாட்டிலை மூடினாள். "ஆமா. நான்தான் அனுப்பினேன்" என்றாள். "அவ உன்னப் பாத்துத்தானே எல்லாம் செய்வா."

என் வார்த்தை. அப்படியே.

ஜூலை 16, செவ்வாய்

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது. அவளுக்கு இருப்பதைவிடக் குறைவு. இது என்ன நியாயம்?

ஜூலை 27, சனி

பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில்தான். வீட்டைச் சுத்தம் செய்யாமல் திரும்ப அனுப்ப மாட்டார்களாம். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாட்டு மேசை போனது. பாய், மெத்தை, பொம்மைகள் எல்லாம் போயின. நான் உதவிக்குப் போனேன். "வேணாம்கா, நீங்க உக்காருங்க" என்றார். மரியாதைக்குறைவாக ஒரு சொல் இல்லை. திட்டினாலாவது தேவலை.

சன்னலிலிருந்து தவளையை அவரே கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பழைய போர்வையில் சுற்றி வெளியே கொண்டுபோனார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

"அக்கா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னா... கொஞ்ச நாளைக்கு..." மாப்பிள்ளையால் முடிக்க முடியவில்லை.

"புரியுது மாப்ள" என்றேன்.

தூள் ஒட்டியிருக்கும் என்று என் துணிகளைக்கூட எடுத்துப்போக முடியவில்லை. தங்கச்சி புதிதாகச் சிலது வாங்கி வைத்திருந்தாள். அளவு சரியாக இருந்தது. இருக்காதா, அவளுக்குச் சின்ன வயதிலிருந்து உடுப்புத் தைத்துப் போட்டவள் நான், அளவெடுக்க அவளுக்கும் சொல்லிக் கொடுத்தவள். வாசல் வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பெண்கள் விடுதி. அறையில் இன்னும் இரண்டு பேர், வேலைக்குப் போகிற சின்னப் பெண்கள். அருகில் சலவைக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. குண்டூசியை எடுத்ததும் கை தானாக வாய்க்குப் போனது. எழுந்து போய்ப் பின்கட்டில் வாந்தி எடுத்தேன். முதலாளியம்மா நல்லவள், வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 14, புதன்

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார்.

செப்டம்பர் 7, சனி

வகுப்புக்குப் போனேன். கண்ணாடி வெட்ட இல்லை, சண்டை போட. டீச்சர் தனியாகத்தான் இருந்தாள், மேசைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததுமே எரிந்தது. எனக்கு ஏன் இதைக் காட்டவில்லை?

எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்னேனே அக்கா" என்றாள் மெதுவாக. "வாயில வைக்காதீங்கன்னு சொன்னேனே. பிள்ளைங்கள விடாதீங்கன்னு சொன்னேனே."

சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். "புகைன்னு சொன்னதுதான் எனக்குக் காதுல விழுந்துச்சு" என்றேன். புகை கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு சண்டை போட முடிந்தது, முகமூடி போட்டுக் கதவைச் சாத்த முடிந்தது. கிண்ணத்தில் கிடந்தது சும்மா கிடந்தது.

அவள் அழுதாள். நான் அழவில்லை. கிளம்பும்போது கேட்டாள்: "பேர் சொல்லாம, இத முத வகுப்புல எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

"பேரச் சொல்லியே சொல்லுங்க" என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

தங்கச்சியே போன் செய்தாள். ஆபீஸில் பேசுகிற குரல். ரத்தத்தில் நன்றாகக் குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறாள். எடை ஏறியிருக்கிறது. விளையாடுகிறாள்.

"பேசுறாளா?"

"இல்ல."

அவள் வயதுப் பிள்ளைகள் இப்போது வார்த்தைகளைக் கோத்துப் பேச வேண்டும். இவள் இருந்த வார்த்தைகளையும் விட்டுவிட்டாள். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்கள். போனது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், இப்போது சொல்ல முடியாது என்கிறாராம் டாக்டர்.

"உன் வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் கடைசியில். "பரவால்ல" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு

போன் செய்தேன். "பேசினாளா?" "இல்லக்கா."

இல்லக்கா என்றாள். அக்கா என்றாள்.

நவம்பர் 29, வெள்ளி

விடுதியில் என் பக்கத்துக் கட்டில் பெண் போனில் தன் அக்கா பிள்ளையோடு பேசுகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து ஓயாத பேச்சு, ஒரு வார்த்தை விளங்கவில்லை, அவ்வளவு வேகம். எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளை மேல் எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு குழந்தை பேசுவதைக் கேட்டு எரிச்சல் படுகிறவளாக ஆகிவிட்டேன்.

டிசம்பர் 11, புதன்

ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையும் இருப்பாராம். "கொஞ்ச நேரம்" என்றாள். அவளாகக் கூப்பிட்டாளா, மாப்பிள்ளை சொல்லிக் கூப்பிட்டாளா தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன.

டிசம்பர் 15, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். துவைத்து வைத்திருந்த உடுப்பைப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் உட்காராமல் நின்றே போனேன், சீட்டில் என்ன தூசு இருக்குமோ என்று. அங்கே போனதும் யாரும் சொல்லாமலே நேராகக் குழாயடிக்குப் போய்க் கை, முகம், கால் எல்லாம் கழுவினேன். தங்கச்சி புதுத் துண்டு கொடுத்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் தங்கச்சி. மாப்பிள்ளை அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். வாலு வளர்ந்துவிட்டாள். அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, ஓடவும் இல்லை. கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பறையில் தண்டனை வாங்கியவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவளாக வந்தாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று முகத்தையே பார்த்தாள். என்னைத் தெரிகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு விரலால் என் தாடையைத் தொட்டாள்.

"வாய காட்டு" என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். இரண்டு வார்த்தை, கோத்து. அடுப்படியில் ஏதோ கீழே விழுந்தது. மாப்பிள்ளை ஓடி வந்தார். "என்ன சொன்னா? இப்ப என்ன சொன்னா?" தங்கச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர்கள் அவளிடம் நாள் முழுக்கச் சொல்வது அதுதானாம். எழுந்தால், விளையாடி முடித்தால், தூங்கும் முன். வாய காட்டு.

வாலு அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு என் வாய்தான் வேண்டியிருந்தது. விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.

திறந்தேன். எட்டிப் பார்த்தாள். நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். இந்தக் கன்னத்துக்குள் ஒரு தடவை, அந்தக் கன்னத்துக்குள் ஒரு தடவை விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. அவள் பார்த்து முடிக்கிற வரை திறந்தே வைத்திருந்தேன்.